அம்மாவின் கல்லறையில் சிலுவையைக் காணோம்

அக்காவைத் தேர்தலில் நிற்க வைத்தது நாங்கள் யாரும் அல்ல. ஊர்த் தெருவைச் சேர்ந்த பழைய தலைவர்தான்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் சவுக்குத் தோப்புகளைத் தாண்டி உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். முதலில் ஊர்த் தெரு, மாடி வீடுகள், மாரியம்மன் கோயில். அப்புறம் நிலக்கடலை போடுகிற மல்லாட்டைக் கொல்லைகள். அதற்கும் அப்பால் கொஞ்சம் மேடான இடத்தில் எங்கள் காலனி, காலனியை ஒட்டி மாதா கோயில். நான் கல்யாணமாகி விழுப்புரத்துக்கு வந்துவிட்டேன். ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில் வேலை. அக்கா ஊரிலேயே அப்பாவோடு இருந்தாள். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், எப்போதாவதுதான் வீட்டில் இருப்பார்.

அந்த முறை எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ஆதிதிராவிடப் பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அதுவரை தலைவராக இருந்தவரால் நிற்க முடியாது. தன் பேச்சைக் கேட்கிற ஆள் யார் என்று அவர் தேடியிருக்கிறார். மகளிர் குழுவை நடத்திக்கொண்டு, யாரிடமும் குரலை உயர்த்தாமல் இருந்த என் அக்கா அவர் கண்ணில் பட்டாள்.

அவர் கேட்க வந்த அன்று நானும் வீட்டில் இருந்தேன். அவர் பைக்கை எங்கள் வாசலில் நிறுத்தி, இறங்காமலே பேசினார்.

"நீ நில்லும்மா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். ஊர்ல ஒருத்தன் உனக்கு எதிரா நிக்கமாட்டான்." பிறகு, தன்னைவிடப் பல வயது மூத்த என் அப்பாவைப் பார்த்து, "இன்னாடா சொல்ற?" என்றார்.

"நீங்க சொன்னா செரிங்க ஐயா" என்றார் அப்பா.

அக்கா அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையாட்டினாள்.

ஓட்டு கேட்கப் போன முதல் நாள் காலையில் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிக் கிளம்பினார்கள். அக்கா வெளியே தெருவில் நின்றாள். உள்ளே போய்க் கும்பிட்டது அவரும் அவருடைய ஆட்களும்தான். அக்காவுக்கு அது புதிதில்லை, எங்களில் யாருமே அந்த வாசலைத் தாண்டியதில்லை. சாயங்காலம் மாதா கோயில். அங்கே அவர்தான் முதல் ஆளாக உள்ளே போனார். செருப்பைக் கழற்றி, முட்டி போட்டு, மெழுகுவத்தி ஏற்றினார். எழுந்து திரும்பி எங்கள் ஜனங்களைப் பார்த்துச் சொன்னார்:

"இது மாதா கோயில் பொண்ணு. உங்க வூட்டுப் பொண்ணு. இதுக்குப் போடற ஓட்டு மாதாவுக்கே போடற மாதிரி."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அக்கா ஜெயித்தாள்.

எங்கள் வீட்டில் மதம் என்கிற சொல்லை யாரும் உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவில்லை. அம்மா கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா இந்து. அம்மாவின் கழுத்தில் அப்பா கட்டிய தாலி இருந்தது, தலையணைக்கு அடியில் ஜெபமாலை இருந்தது. அமாவாசைக்கு அப்பா மேல்மலையனூர் போய் அங்காளம்மன் குங்குமம் கொண்டு வருவார். அம்மா இரண்டு கையாலும் வாங்கி மாடத்தில் வைப்பாள். நெற்றியில் வைத்துக்கொள்ள மாட்டாள். அப்பா அதற்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அம்மாவோடு பூசைக்குப் போனோம், ஆடி மாதம் அப்பாவோடு காலனி அம்மனுக்குக் கூழ் ஊற்றப் போனோம். எங்கள் இரண்டு பேருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அப்பா தடுக்கவில்லை, அம்மா கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பாவை வைத்து இந்து ஆதிதிராவிடர் என்று எழுதினார்கள். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த மதம்.

தலைவியான பிறகு முதல் மூன்று வருஷம் பழைய தலைவர் சொன்ன இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டாள். கூட்டத்தில் அவர்தான் பேசுவார், அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், "கத்துக்கினு இருக்கேன்டி" என்பாள்.

அப்புறம் புதுத் தண்ணீர்த் தொட்டிக்கு அனுமதி வந்தது. அதை ஊர்த் தெருவில், பழைய தலைவர் வீட்டுக்குப் பின்னால் கட்டுவதாக ஏற்பாடு. பழைய தொட்டியும் அங்கேதான் இருந்தது. அங்கிருந்து எங்கள் மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. குழாயில் காற்றுதான் வரும். அக்கா கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"தொட்டிய எங்க காலனிப் பொறம்போக்குல கட்டலாங்க. அதான் மேடு. அங்க கட்னா ரெண்டு பக்கமும் தண்ணி போவும்."

அவர் சிரித்தாராம். "இன்னாம்மா, வெளையாட்டுக்குச் சொல்றியா?"

"இல்லீங்க. தீர்மானத்துல எழுதச் சொல்றேன்."

காலனி உறுப்பினர்கள் அவள் பக்கம் நின்றார்கள். ஊர்த் தெருவிலேயே அவரைப் பிடிக்காத இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். தொட்டி எங்கள் மேட்டுக்கு வந்தது. இதை அக்கா எனக்குப் போனில் சொன்னபோது அவள் குரல் நடுங்கியது, பயத்திலா சந்தோஷத்திலா என்று எனக்குத் தெரியவில்லை.

தொட்டிக்குக் கடக்கால் தோண்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த போன் வந்தது. நான் லேபில் கையுறையோடு நின்றிருந்தேன்.

"பாப்பா, எம்மேல மனு குடுத்துக்கிறாங்களாம்."

"எதுக்குக்கா? தொட்டிக்கா?"

"இல்லடி. நான் கிறிஸ்டினாம். ஆதிதிராவிடர் சீட்டுல நிக்கவே கூடாதாம். என் பதவி செல்லாதாம்."

"யாரு குடுத்தது?"

"வேற யாரு? எனக்குப் போட்டா மாதாவுக்கே போட்ட மாதிரின்னு சொன்னாரே, அவருதான்."

அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஆதிதிராவிடர் ஒருவர் கிறிஸ்தவர் ஆகிவிட்டால் சட்டப்படி அவர் அந்தப் பட்டியலில் இல்லை என்பது எனக்குத் தெரியும். சான்றிதழில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக இருக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். யாரும் யாரையும் கேட்டுக்கொள்வதில்லை. ஒரு நாள் ஒருவர் வந்து கேட்பார், கேட்பவர் எங்கள் கோயிலில் முட்டி போட்ட அதே மனிதராக இருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

மனுவோடு ஒரு படமும் வைத்திருந்தார்கள். அதே படம் ஊர்க்காரர்கள் எல்லோருடைய போனிலும் சுற்றியது. எனக்கும் வந்தது. கல்லறைத் திருநாள் அன்று அம்மாவின் கல்லறையில் அக்கா மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் நீல நிறச் சிலுவை தெளிவாகத் தெரிகிறது. அவள் கண்ணை மூடியிருக்கிறாள். அவள் அழுதுகொண்டிருந்த நேரத்தில் யாரோ செடி மறைவிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

விசாரணைக்கு அதிகாரி வீட்டுக்கே வருகிறார் என்று தகவல் வந்ததும் நான் லீவு போட்டுவிட்டு முந்தின நாளே கிளம்பினேன். திண்டிவனத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்துப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிர்ச் சுவரில் மாதா படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. சுற்றிலும் அடுப்புப் புகை பட்டுப் பழுத்த சுவர். ஆணி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. அக்காவின் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"இன்னாக்கா இது?"

"அப்பா கழட்டிட்டாரு. நானும் செரின்னுட்டேன்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "படம் காகிதம்தானடி. நாளைக்கு மறுநாள் மாட்டிக்கலாம்."

அந்த வெள்ளைச் சதுரத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அப்பா ஒரு சாமி காலண்டரைக் கொண்டு வந்து அந்த ஆணியில் மாட்டினார். அது சின்னது. வெளுத்த இடம் நான்கு பக்கமும் தெரிந்தது.

வெயில் தாழ்ந்ததும் அக்கா, "வா, அம்மாகிட்ட போய்ட்டு வர்லாம்" என்றாள். மாதா கோயிலுக்குப் பின்னால்தான் கல்லறைத் தோட்டம். அதன் நடுவே இடுப்பளவு உயரத்துக்கு ஒரு சுவர் ஓடுகிறது. அந்தப் பக்கம் ஊர்த் தெருக் கிறிஸ்தவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். சின்ன வயதில் அதை ஆடு நுழையாமலிருக்கக் கட்டிய சுவர் என்றே நினைத்திருந்தேன். இறந்தவர்களைப் பிரிக்கக் கட்டியது என்று தெரிந்தபோது எனக்குக் கல்யாண வயது.

அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் போகும்வரை எதுவும் தெரியவில்லை. போய் நின்ற பிறகுதான் அக்கா, "ஐயோ" என்றாள்.

சிலுவையைக் காணோம்.

சிமென்ட் மேடையிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்கு இரும்பு நீட்டிக்கொண்டிருந்தது. அறுத்த இடம் வெள்ளி மாதிரி மின்னியது. கீழே இரும்புத் தூள். யாரோ நிதானமாக உட்கார்ந்து ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். அக்கா அந்த இரும்பு முனையைத் தொட்டாள், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரலில் ரத்தம்.

"செத்தவளக்கூட விடமாட்டானுங்களா? இன்னைக்கே ஸ்டேஷனுக்குப் போறேன். எவன் அறுத்தான்னு தெரிஞ்சாவணும்!"

அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து வீடு வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா வாசலில் உட்கார்ந்து மாட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மாவோட சிலுவைய அறுத்துட்டாங்கப்பா. கெளம்புங்க, ஜல்தி. போலீசுக்குப் போவணும்."

அப்பா கயிற்றைக் கீழே வைத்தார். எழுந்திருக்கவில்லை.

"போலீசு வேணாம்மா."

"இன்னாப்பா வேணாம்? எத்தினி நாளைக்கு இப்பிடி..."

"நான்தான் அறுத்தேன்."

எங்களுக்குப் புரியவில்லை. உண்மையாகவே அந்த வார்த்தைகள் காதில் விழுந்தும் பொருள் உள்ளே போகவில்லை. அந்தச் சிலுவையைச் செய்து வைத்ததே அப்பாதான். அம்மாவுக்குப் பிடித்த நீலம் வேண்டும் என்று பெயிண்டுக்காகத் திண்டிவனத்துக்கும் ஊருக்கும் அலைந்தவர் அவர்.

"நாளைக்கு விசாரிக்க வர்ற ஆபீசரம்மா கல்லறையப் பாக்கணும்னு சொன்னா இன்னா பண்றது? போட்டோவுல சிலுவை கீது. நேர்ல இல்லன்னா, போட்டோ பொய்யின்னு சொல்லிக்கலாம். அதுக்கோசரம்தான்." குனிந்தபடியே பேசினார். "எங்கயும் வீசிடல. உங்கம்மா பொடவையில சுத்தி வெறவுக்குப் பின்னால வெச்சிக்கிறேன்."

அக்கா வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். விறகைத் தள்ளிப் பார்த்தாள். அம்மா மாதாவின் தேர்த் திருவிழாவுக்குக் கட்டுகிற மஞ்சள் புடவையில் அது குழந்தை மாதிரி சுற்றப்பட்டிருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அதிகாரி வந்தார். என் வயதுதான் இருக்கும். காட்டன் புடவை, மெல்லிய குரல். "மன்னிச்சுக்கோங்கம்மா, என் டியூட்டி" என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. அதட்டியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். கூடவே எழுதிக்கொள்ள ஓர் உதவியாளர். மனு கொடுத்தவர் என்கிற முறையில் பழைய தலைவரும் வந்திருந்தார். எங்கள் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் வேப்பமர நிழலில் நின்றார். கதவு திறந்திருந்ததால் பேச்செல்லாம் அவருக்குக் கேட்டது. காலனியே வெளியே கூடியிருந்தது.

அதிகாரி சுவரைப் பார்த்தார். காலண்டரைச் சுற்றியிருந்த வெளுப்பைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்க தினமும் எந்தச் சாமியக் கும்பிடுவீங்க?"

அக்கா காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பெண்ணை அவள் வீட்டிலேயே உட்கார வைத்து இப்படிக் கேட்க ஓர் அரசாங்கத்தால் முடியும் என்பதை நான் அந்த நிமிஷம்தான் என் கண்ணால் பார்த்தேன்.

"சர்ச்சுக்குப் போவீங்களா?"

"போவேங்க."

வெளியே சலசலப்பு. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஞானஸ்நானம் வாங்கியிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

"எங்கம்மா இட்டுக்கினு போனாங்க. போயிப் போயிப் பழகிட்டுது." அக்கா நிமிர்ந்தாள். வாசலைக் காட்டினாள். "அவருந்தான் வந்தாரு மேடம். எனக்கு ஓட்டுக் கேக்கசொல்ல முட்டி போட்டு மெழுவத்தி ஏத்தினாரு. ஊரே பாத்துது. அவரு இன்னா மதம்னு எழுதிக்கினீங்களா?"

வெளியே யாரோ சிரித்தார்கள். பழைய தலைவர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அதிகாரியின் முகம் கொஞ்சம் சிவந்தது.

"அது இந்த விசாரணையில வராதும்மா" என்றார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார். "உங்க மனைவி கிறிஸ்தவங்களா?"

அப்பா முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பொறந்தது அப்பிடிங்க. ஆனா என்னக் கட்டிக்கினு வந்தப்பறம் எங்க வழிதாங்க. கடைசியில..." தொண்டையைச் செருமினார். "கடைசியில சாவசொல்ல, அங்காளம்மன் குங்குமத்த நெத்தியில வெச்சிக்கினுதாங்க போனா. நான்தாங்க வெச்சி வுட்டேன்."

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அம்மா சாகும்போது நான் பக்கத்தில் இருந்தேன். என் மடியில்தான் அவள் தலை இருந்தது. ஜெபமாலையை விரல்களில் இறுக்கிச் சுற்றி வைத்திருந்தாள். குளிப்பாட்டும்போது அதைப் பிரிக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. "வுடுங்க, அதோடவே போவட்டும்" என்று சொன்னவர் அப்பாதான். சொல்லிவிட்டு அறைக்கு வெளியே போய் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதவரும் அவர்தான். அதே வாய் இப்போது வேறு ஒரு சாவைச் சொல்லிக்கொண்டிருந்தது. உதவியாளர் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டால் அம்மா அப்படித்தான் செத்தாள் என்று ஆகிவிடும்.

அதிகாரி அக்காவிடம் கேட்டார். "உங்க அப்பா சொல்றது சரியாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவள் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொன்னால் நான் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டேன். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது.

"இல்லீங்க" என்றாள் அக்கா. "எங்கம்மா ஜெபமாலையோடதான் போனாங்க. அவங்க கல்லறையில சிலுவை இருந்துது. நேத்து வரைக்கும் இருந்துது. அப்பா எனக்கோசரம் சொல்றாரு. அத எழுதாதீங்க மேடம்."

"நீங்க சொல்றது உங்களுக்கே பாதகமா முடியலாம், தெரியுமா?"

"தெரியுங்க. பதவி போனா போவட்டும். எங்கம்மா எப்பிடிச் செத்தாங்கன்னு நான் மாத்திச் சொல்ல முடியாது."

அப்பா மெதுவாகத் திரும்பி, பின்வாசல் வழியாக வெளியே போனார். அவர் முகத்தை நான் பார்த்தேன். பெற்ற மகளே சபையில் வைத்துப் பொய்யன் என்று சொல்லிவிட்ட முகம். அவர் பொய்தான் சொன்னார். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்ல அவர் எதையெல்லாம் அறுத்தார் என்று எங்களுக்குத் தெரியும்.

அதிகாரி கல்லறையைப் பார்க்கக் கேட்கவே இல்லை. இன்னும் சில கேள்விகள் கேட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலையே அக்காவும் நானும் அந்த இரும்பைப் புடவையோடு தூக்கிக்கொண்டு போய் வெல்டிங்காரரை அழைத்து வந்தோம். "ஆர்டர் வர்ற வரைக்கும் பொறுக்கா" என்றேன். "வேணாம்டி. அம்மா ஒரு ராத்திரி அப்பிடிக் கெடந்தது போதும்" என்றாள். பற்ற வைத்ததும் சிலுவை நிமிர்ந்து நின்றது. அப்பா வரவில்லை. அவர் அக்காவோடு பேசுவதை நிறுத்தினார். ஒரே வீட்டில், அவள் தட்டில் வைக்கிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். அது மாதக்கணக்கில் நீண்டது.

ஆர்டர் வந்தது. அக்காவின் பதவி செல்லும். அவள் ஞானஸ்நானம் பெறவில்லை, தகப்பனின் சாதியும் மதமுமே அவளுடையது, தாய் கும்பிட்ட சாமியால் அது மாறாது என்று எழுதியிருந்தார்களாம். அவள் உண்மையைச் சொன்னதால் எதுவும் கெட்டுப்போகவில்லை. அப்பாவின் பொய் தேவையே பட்டிருக்கவில்லை.

நாங்கள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் மாதா கோயில் கமிட்டியிலிருந்து எங்கள் காலனிக்காரர்களே இரண்டு பேர் வந்தார்கள். சின்ன வயதிலிருந்து எங்களைத் தெரிந்தவர்கள்.

"தப்பா நெனைக்காதம்மா. கொஞ்ச நாளைக்கு நீ பூசைக்கு வராத. பழைய தலைவரு மேலிடத்துல அப்பீல் போடப் போறாராம். நீ உள்ள வந்தா எவனாச்சும் போட்டோ எடுப்பான். எங்க புள்ளைங்க சர்டிபிகேட்டையும் கெளறுவாங்க. எல்லாருக்கும் பேஜாரு."

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் கொடுமை. அக்கா சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிபெருக்கியில் வருகிற பூசையை அடுப்படியில் நின்று கேட்க ஆரம்பித்தாள். ஒரு நாள் ஆர்டர் காகிதத்தை என்னிடம் காட்டிக் கேட்டாள்: "நான் இந்துன்னு கெவர்மென்டே சொல்லிட்டுது. இத எடுத்துக்கினு மாரியாத்தா கோயிலுக்குப் போவட்டுமா? உள்ள வுடுவாங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடுத்த தேர்தல் பேச்சு அடிபட ஆரம்பித்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போயிருந்தேன். பழைய தலைவர் கையில் சால்வையோடு, இரண்டு ஆட்களோடு வந்தார். இந்த முறை பைக்கிலிருந்து இறங்கினார். வீட்டுக்குள்ளேயே வந்தார். அப்பா ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரால் அந்த மனிதனுக்கு நாற்காலி போடாமல் இருக்க முடியவில்லை.

"அரசியல்ல இதெல்லாம் சகஜம்மா. மனசுல வெச்சிக்காத" என்றார் அவர். "தொட்டி நல்லா வந்துக்கிது. எங்கத் தெருவுலயும் தண்ணி நல்லா வருது." அக்காவுக்குச் சால்வை போட்டார். பிறகு, "டீ கீ ஒண்ணும் கெடையாதா?" என்றார்.

ஊர்த் தெருவிலிருந்து யாரும் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அக்கா ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் வாங்கினார். முழுதும் குடித்தார். குடிக்கும்போது அவருடைய ஆள் ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். ஏதோ ஒன்று மாறிவிட்டதோ என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

அவர் போனதும் அக்கா சால்வையை மடித்து அப்பாவிடம் நீட்டினாள். "மாட்டுக்குக் கொசு கடிக்குது, போத்தி வுடுங்க" என்றாள். மாதங்களுக்குப் பிறகு அப்பா அவளிடம் பேசிய முதல் பேச்சு அன்றுதான்: "மாடு இன்னாம்மா பாவம் பண்ணிச்சி?" அக்கா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் அங்கேயே நின்றார்.

மறுநாள் காலை லேபில், என்னோடு வேலை செய்கிற பெண் தன் போனை நீட்டினாள். யாரோ யாருக்கோ அனுப்பி அவளுக்கு வந்து சேர்ந்த படம். எங்கள் வீடு. நாற்காலியில் அவர், கையில் டீ டம்ளர், பக்கத்தில் சால்வையோடு அக்கா. கீழே பெரிய எழுத்தில், சாதி மதம் பார்க்காத எளிய தலைவர் என்று போட்டிருந்தார்கள்.

"இவங்க உங்க அக்காதானே? எவ்ளோ நல்ல மனுஷன் பாருங்க. இந்தக் காலத்துல யாரு இப்பிடிக் காலனிக்குள்ள போயி டீ குடிப்பாங்க?"

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். மெழுகுவத்தியிலிருந்து தொட்டி, மனு, அறுத்த சிலுவை, அப்பா சொன்ன பொய் வரைக்கும். கூட்டமில்லாத நேரம், அவள் குறுக்கிடாமல் கேட்டாள். அம்மாவின் ஜெபமாலையைச் சொன்ன இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் தோளில் கை வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அது செரி. உண்மையில நீங்க இன்னா மதம்?"

அவள் கெட்டவள் அல்ல. எனக்கு ஜுரம் வந்தால் என் வேலையையும் சேர்த்துச் செய்கிறவள். அன்று மத்தியானம் வழக்கம்போலத் தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் தள்ளினாள். எலுமிச்சம் பழச் சோறு. எனக்குக் கை போகவில்லை.

"ஒடம்பு செரியில்லையா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.